பூக்கேட்கும் ஊரில் வெளியூர்க் கை

வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள். இரண்டும் ஒரே அளவு. மாரியம்மன் காலடியில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன. அதில் ஒன்றை நான் எடுக்க வேண்டும்.

பகல் சாப்பாட்டு நேரம்தான். ஆனாலும் வெளியே மழை இருட்டு கட்டியிருந்ததால் பூசாரி சின்னையா அண்ணன் கோயில் விளக்கைப் போட்டிருந்தார். எனக்குப் பின்னால் தோட்டத்து மேல் பிரிவுச் சனம் பாதிக்கு மேல் நின்றது. அத்தனை கண்ணும் என் முதுகில்தான். நான் கூட்டத்துக்கு முன்னால் நின்று பழகாதவள். கலியாண வீட்டுப் படத்தில்கூட அடுத்தவர் தோளுக்குப் பின்னால்தான் என் முகம் இருக்கும்.

"எடு தங்கச்சி. அம்மாவ நெனச்சுக்கிட்டு ஒன்ன எடு" என்றார் பூசாரி.

எனக்குப் பக்கத்தில் அக்கா மாரியாயி. அவள் கையைப் பிடித்தபடி, கண் தெரியாத அத்தான் வீரமுத்து. அக்கா அம்மனைப் பார்க்கவில்லை. பொட்டலத்தையும் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை பிளந்து வெடித்திருக்கிறது. சிவப்புப் பூ வந்தால் இரண்டு பேரும் புது வீட்டுக்குப் போவார்கள். வெள்ளைப் பூ வந்தால் அங்கேயே இருப்பார்கள். ஐப்பசி மழை தொடங்கப் போகிறது.

என் கையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, நான் எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது.

எங்கள் ஊர்க் கிறுக்கு

ஹாலிஎலவுக்கு மேலே தேயிலை மலை ஏறி, தைல மரத் தோப்பைத் தாண்டினால் கல்லூத்துத் தோட்டம். நான் பிறந்ததும் கொழுந்து பறித்ததும் அங்கேதான். கலியாணம் கட்டி வத்தளைக்குப் போய், பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளைகளும் கண்டாயிற்று. அந்தக் கதையெல்லாம் இந்தப் பத்தியில் முன் வாரங்களில் எழுதிவிட்டேன்.

கலியாணத்துக்குப் பூக்கேட்பது எல்லா ஊரிலும் உண்டு. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுத்தால் அதுதான் சாமியின் பதில். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் விட்டுவிட வேண்டும்.

எங்கள் ஊரில் அது கலியாணத்தோடு நிற்காது. மாடு வாங்கலாமா, வாசிகசாலைக்கு நீலப் பெயின்ட் அடிக்கலாமா, கொஸ்லந்தையிலிருந்து வந்த சம்பந்தத்துக்குப் பதில் சொல்லலாமா, எல்லாவற்றுக்கும் பூதான். தோட்டத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் சண்டை போட்டு, அதையும் அம்மனிடம் கேட்டார்கள். காது சரியாகக் கேட்காத பழனியாண்டி அண்ணனுக்கு வந்தது. அவரைப் போல ஒரு தலைவர் பிறகு வரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். தோட்டத் துரை போட்ட சத்தம் எதுவும் அவர் காதில் ஏறியதே இல்லை. தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. கேட்கிற வீட்டுக்காரர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வரலாம். எடுக்கிற கை மட்டும் வெளியூர்க் கையாக இருக்க வேண்டும். ஊர்க்காரர் கைக்கு ஒரு பக்கம் ஆசை இருக்குமாம், அது பொட்டலத்தைத் தடவிப் பார்க்குமாம். வெளியூர்க் கைக்கு ஒன்றும் தெரியாது. அதனால் சாமி அந்தக் கைக்குள் சுலபமாகப் புகுந்துகொள்ளும்.

ஆகையால் எங்கள் தோட்டத்துக்கு யார் வந்தாலும் கோயிலுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். பதுளையிலிருந்து துணி மூட்டையோடு வருகிறவர், காஸ் சிலிண்டர் லொறிக்காரர், ஊசி போட வந்த மருத்துவிச்சி, யாரும் தப்ப முடியாது.

எல்லவில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி ஒரு தடவை மலையில் வழி தவறி எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டது. திருவிழாவைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பெண் பொட்டலத்தை எடுத்தாள். தனக்குத் தந்த பரிசு என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடையில் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் அதைப் பிரித்தார்கள். உள்ளே வெள்ளை இருந்தது. அப்படியானால் அவள் கொண்டுபோனது சிவப்பு என்று முடிவாகி, திருவிழா தள்ளிப் போயிற்று.

எல்லவோடு காலியாகிற ரயில்

அக்கா மகன் ரவி கட்டாரில் வேலை செய்கிறான். அவன்தான் எனக்குப் போன் எடுத்தான்.

"சின்னம்மா, லயத்துல எல்லாரும் அரசாங்கம் குடுத்த புது வீட்டுக்குப் போயிட்டாங்க. அம்மாவும் அப்பாவும் மட்டும் அங்கயே இருக்காங்க. அதிகாரிமாரு மூணாந் தரமும் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்களாம்."

"நீ சொல்லலாமேப்பா."

"நான் சொன்னா அழுவுது. பூசாரி சொன்னா சாமி சொல்லலங்குது. நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாருங்க சின்னம்மா. ஒங்க பேச்ச கேக்கும்."

என் பேச்சை அக்கா எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. நான் பேசினால்தானே கேட்பதற்கு. ஆனாலும் மறுநாள் காலை கோட்டை ஸ்டேசனில் ரயில் ஏறிவிட்டேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மகன் தடுத்தான். "ஒங்கம்மா மலையில பொறந்தவடா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எல்ல வரும்வரை ரயில் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கை காட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் ரயிலில் போகிறவர்களுக்கு நாங்கள்தான் கை காட்டுவோம், ஒருவரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். இப்போது அது தலைகீழாகிவிட்டது. கொழுந்துக்காரிகள் தலை நிமிரவே இல்லை.

எல்லவில் ரயில் காலியானது. அதற்குப் பிறகு மிச்சம் இருந்தது எங்கள் சனம்தான். சாக்கு மூட்டை, முட்டைக்கோஸ், தூங்கி விழுகிற ஒரு தாத்தா. தெமோதரையில் ரயில் ஒரு வட்டம் சுற்றி, தான் நின்ற ஸ்டேசனுக்கு அடியிலேயே நுழைந்து போகும். அந்த இடம் வந்தால் எனக்குச் சின்னப் பிள்ளையில் வந்த சிரிப்பு இன்னும் வருகிறது. இந்தத் தரமும் வந்தது. எதிரில் இருந்த பெண்ணும் என்னோடு சேர்ந்து சிரித்தாள். ஏன் சிரிக்கிறோம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹாலிஎலவில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"எங்கம்மா போகணும்?"

"கல்லூத்துத் தோட்டம், மேல் பிரிவு."

"விருந்தாளியாப் போறீங்களா?"

"ஆமா" என்றேன்.

"அப்ப கோயில் பக்கம் பாத்துப் போங்க. வெளியூர் ஆளக் கண்டா புடிச்சுருவாங்க" என்று சிரித்தான்.

அந்த ஊரில் பிறந்து, அந்தக் கோயிலில் காது குத்தி, அங்கேயே பெயரும் வைக்கப்பட்டவள் நான். வெளியூர் ஆள் என்று ஒருவன் சொல்லி அதைக் கேட்க வேண்டியிருந்தது.

மலை வெடித்த லயம்

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். போனவர்கள் கதவையும் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வரிசையாகப் பல் விழுந்த வாய் போல இருந்தது. கடைசிக் காம்பராவில் மட்டும் புகை வந்தது. அதுதான் நானும் அக்காவும் பிறந்து வளர்ந்த அறை. அம்மா அப்பா போன பிறகு அக்காவும் அத்தானும் அதிலேயே தங்கிவிட்டார்கள்.

மலைத் தண்ணீர் பீலியில் விழுகிற பக்கமிருந்து அத்தான் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வாளி. மறு கை லயத்துச் சுவரைத் தொட்டும் தொடாமலும் வந்தது. வடிகானைக் குனிந்து பார்க்காமல் ஒரு எட்டில் தாண்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

சீனி வியாதி அவர் கண்ணைக் கொண்டுபோய் பல வருசமாகிறது. அதற்கு முன்னால் ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அரைத்த கொழுந்து பதம் வந்துவிட்டதா என்று மூக்கால் சொல்லிவிடுவார். பெரிய டீமேக்கரே அவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னதுண்டு.

நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர் நின்றார்.

"செல்லம்மாவா? இன்னும் அந்தத் தைலத்ததான் பூசுற போல."

"ஆமாங்க அத்தான். மூட்டு வலி."

"மலையேறி வந்துட்டு மூட்டு வலிங்கிற. வா வா. அக்கா ரொட்டி சுடுறா. மொதல்ல ஒன்ன பாத்து அழுவா, அப்புறந்தான் சாப்பாடு."

அவர் சொன்ன மாதிரியே நடந்தது.

சாப்பிட்ட பிறகு அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். மலையில் என் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு. அதற்குப் பக்கத்தில் அதிகாரிகள் அடித்த சிவப்புக் கட்டை. தேயிலைச் செடிகள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. குடித்துவிட்டு வருகிறவன் சுவரில் சாய்வதுபோல.

"அக்கா, போயிரலாமே" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்த பேச்சு.

"நானா மாட்டேங்கிறேன்? பூக்கேட்டுப் பாத்துட்டேன் புள்ள. துணிக்காரரு எடுத்தாரு, வெள்ளை. லொறிக்காரரு எடுத்தாரு, வெள்ளை. கேக்கிற நேரமெல்லாம் வெள்ளை. அம்மா போகச் சொல்லல."

"அம்மாவுக்கு இந்த வெடிப்புத் தெரியாதா?"

"அவளுக்குத் தெரியாததா." அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு நம்பிக்கை இல்லன்னா நாளைக்கு நீயே எடு. நீயும் இப்ப வெளியூருதான."

ஆட்டோக்காரன் சொன்னபோது குத்தியது. அக்கா சொன்னபோது குத்தவில்லை. ஏனென்றால் அதைச் சொல்லும்போது அவள் முகம் என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்த்தது. அக்கா பொய் சொல்லும்போது அவள் முகம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இட்லிப் பூ

காலையில் அக்கா என்னிடம் ஒரு தட்டைத் தந்தாள். ஆள் போய்விட்ட பக்கத்து வாசலில் இட்லிப் பூச் செடி இருக்கிறது, சிவப்பாகப் பார்த்துப் பறித்து வா என்றாள். பறித்துக் கொடுத்தேன். மல்லிகை அவள் வாசலிலேயே பூத்திருந்தது. அதை அவளே பறித்தாள்.

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டு பொட்டலம் கட்டினாள். கட்டி, அத்தான் கட்டிலுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாள்.

நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டலாம் என்று விறகு எடுத்தேன். விறகுக்கு அடியில் நான் பறித்த இட்லிப் பூ அப்படியே கிடந்தது. ஒரு கொத்துக்கூடக் குறையவில்லை.

அடுப்பு மூட்டவில்லை. அக்கா வரும்வரை அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் திருட்டு நடந்திருக்கிறது, அடிதடி நடந்திருக்கிறது. பொட்டலத்தில் யாரும் கை வைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

புல்லுக் கட்டை இறக்கிவிட்டு உள்ளே வந்தவள் என் மடியில் பூவைப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அத்தான் வாசலில் இருந்தார்.

"ரெண்டுலயும் மல்லியா அக்கா?"

"மெதுவாப் பேசு."

"சாமிகிட்டயா வெளையாடுற?"

"சாமிக்குத் தெரியும்டி நான் ஏன் செய்றேன்னு." தரையில் உட்கார்ந்தாள். "அவர நீ பாத்தியில்ல? எப்பிடி நடக்கிறாரு? பீலிக்குத் தானே போறாரு. கக்கூசுக்குத் தானே போறாரு. கோழி எந்த மூலையில அடைஞ்சிருக்குன்னு சொல்லுவாரு. ராசா மாதிரி இருக்காரு இங்க. புது வீட்டுக்குக் கொண்டு போனா ஒரு மூலையில ஒக்காந்துருவாரு. எல்லாத்துக்கும் நான் கையப் புடிச்சுக் கூட்டிப் போகணும். கண்ணு போன அன்னைக்குக்கூட அவரு அழுவல புள்ள. அங்க போனா அழுவாரு."

"மலை வந்து விழுந்தா?"

"விழுந்தா ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம்."

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"அவருகிட்ட சொல்லிராத. எம்மேல ஆணை" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

நான் எடுத்தது

இனி என் கையை விட்ட இடத்துக்கு வருகிறேன்.

இரண்டு பொட்டலத்திலும் மல்லிகைதான். எதை எடுத்தால் என்ன. எடுத்துப் பூசாரி பிரித்தால் வெள்ளை என்பார். சனம் உச்சுக் கொட்டும். நான் மறுநாள் ரயில் ஏறுவேன். மழை வரும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இந்தச் சனத்துக்கு முன்னால் என் அக்கா தலை குனிவாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தோட்டத்தில் எப்படி வாழ்வாள்.

கிட்டத்தில் இருந்த பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி பிரிப்பதற்குக் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டி, அக்காவையும் தாண்டி, அத்தான் கையில் பொட்டலத்தை வைத்தேன்.

"நீங்க பிரிங்க அத்தான்."

என் குரல் கோயிலில் எல்லோருக்கும் கேட்டது. அது எனக்குப் புதிது.

"கண்ணு தெரியாதவரு கையில குடுக்குது பாரேன், வத்தளைக்காரி" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள்.

"அவருட்ட ஏன் குடுக்கிற? பூசாரிகிட்ட குடு" என்றாள் அக்கா.

"அவரு வீடுந்தான அக்கா" என்றேன்.

சொல்ல மாட்டேன் என்றுதான் ஆணை. கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பற்றிய முடிவு அவர் கைக்கு வராமல் போகக் கூடாது, அது மட்டும்தான் என் மனதில் இருந்தது. பிறகு என்ன நடக்கும் என்று சத்தியமாக நான் யோசிக்கவில்லை.

"பிரி வீரமுத்து. எடுத்த கை குடுத்தா சரிதான்" என்றார் பூசாரி.

அத்தான் நாரை அவிழ்த்தார். இலையை விரித்தார். முன்னால் நின்ற எல்லோரும் பார்த்தோம். வடித்த சோறு போல மல்லிகை. அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். ஸ்டோரில் கொழுந்தை மோந்து பார்ப்பாரே, அதே மாதிரி அவசரமில்லாமல் மோந்தார்.

"செவப்பு" என்றார்.

பூசாரி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். யாரோ சிரிப்பை அடக்கியது இருமல் போலக் கேட்டது.

"என்னாங்க நீங்க" என்றாள் அக்கா. "அது மல்லிங்க."

"அப்பிடியா? எனக்கெங்க தெரியுது." அத்தான் சாதாரணமாகத்தான் பேசினார். "அந்த வெள்ளக்காரிக்காக ஒரு தடவ அடுத்த பொட்டலத்தப் பிரிச்சோமே, அந்த மாதிரி பிரிச்சுருவோம். அதுல செவப்பு இருந்துச்சுன்னா இது வெள்ளை. நான் ஒத்துக்கிறேன். சின்னையா, அத எடு."

பூசாரி மற்றப் பொட்டலத்தை எடுத்தார். நாரில் விரலை வைத்தார். அவிழ்க்கவில்லை.

"பிரிக்கவா மாரியாயி?"

அக்கா அப்போதுதான் அம்மனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் உதடு என்னவோ சொல்லியது. எங்களுக்குச் சொல்லவில்லை.

"வேணாம்" என்றாள் பிறகு. "செவப்புதான்."

"செவப்பு. அம்மா போகச் சொல்லிட்டா" என்று பூசாரி சட்டென்று மணியை ஆட்டினார். பிரிக்காத பொட்டலத்தை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே ஓடைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கண்ணுள்ள சனம் அத்தனை பேரும் பார்த்தார்கள். இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும், அன்றைக்கு வந்தது சிவப்புப் பூ என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர் கிறுக்கு ஊர்தான். ஆனால் எந்த இடத்தில் கண்ணை மூட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

மழைக்கு முந்தி

அம்மன் சொன்ன பிறகு தாமதிக்கக் கூடாது. அக்கா உப்பு, மஞ்சள், நிறைகுடம் எடுத்தாள். நான் சாமிப் படத்தை எடுத்தேன். பானை சட்டி, கட்டில், கோழி எல்லாவற்றையும் சனமே தூக்கியது. ஒருத்தி கோழியைக் கட்டியணைத்துக்கொண்டு, "வீட்டுக்கார அம்மா, நீங்கதான் மொதல்ல நொழையணும்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அக்கா, அத்தான், நான், பூசாரி, நாலு பேரும் முன்னால் நடந்தோம். அக்கா அத்தானுடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"மொத தடவையே. மாடத்துல ரெண்டு பொட்டலம், ரெண்டும் மணக்குது. இட்லிப் பூவுக்கு ஏது மணம்?"

"ஏன் கேக்கல?"

"ஒன் ஆத்தா அப்பன் இருந்த காம்பரா. விட்டுப் போக ஒனக்கு மனசில்லன்னு நெனச்சேன். நீயா வருவேன்னு இருந்தேன். மழ வரப் போகுது, இனி எங்க இருக்கிறது."

"எனக்கு அந்தச் செவரு மேல என்ன ஆசை" என்றாள் அக்கா. "ஒங்களுக்காகத்தாங்க."

"எனக்கு என்ன?"

ஸ்டோருக்குக் கீழே ரோடு இரண்டாகப் பிரிகிற இடம் வந்துவிட்டது. ஸ்டோர் ரோதை, அந்த இயந்திரச் சக்கரம், பெரும் சத்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புது வீடுகள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, பூசாரியைப் பார்த்தேன். அதற்குள் அத்தான் அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வலது பக்கம் திரும்பிவிட்டார்.

"இந்தாங்க, நில்லுங்க" என்றாள் அக்கா.

"ரோதச் சத்தம் இடது காதுல கேக்கணும். அப்பிடிக் கேட்டா வீடு. வலது காதுல கேட்டா கடை" என்றார். நிற்கவில்லை. மறு கையில் இருந்த கம்பால் ஓரத்து மதகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார்.

"எப்பிடிங்க தெரியும்?"

"நீ தெனமும் புல்லறுக்கப் போற நேரம் நான் கட்டில்ல படுத்திருக்கேன்னா நெனச்ச?"

பூசாரி தொண்டையைச் செருமினார். அவர் வீடு புது வரிசையில்தான் இருக்கிறது, அக்காவுக்குக் கொடுத்த வீட்டுக்கு அடுத்தது. "மொத கொஞ்ச நாள் நான் கூட்டிட்டு வந்தேன் மாரியாயி. அப்புறம் என்ன வேணாம்னுட்டாரு" என்றார்.

அக்கா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் சேலையில் கொட்டியது. முதல் மழைத்துளியும் அப்போதுதான் விழுந்தது. "அவளக் கையப் புடிச்சுக் கூட்டி வா செல்லம்மா, அந்த எடத்துல வழுக்கும்" என்று முன்னால் இருந்து அத்தான் சத்தம் கொடுத்தார்.

புது வீட்டு வாசலை நாங்கள் எட்டியபோது மழை பிடித்துக்கொண்டது. பகல் என்று சொல்ல முடியாத இருட்டு. அக்கா வலது கால் எடுத்து வைத்து உள்ளே போனாள். உப்புச் சட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிமெந்து வாசம், சுண்ணாம்பு வாசம், ஒரு ஜன்னல் இருப்பதுகூடக் கண்ணுக்குப் படவில்லை. கையால் சுவரைத் தடவிக்கொண்டு போய் எதிலோ இடித்துக்கொண்டாள்.

"சுவிட்சு எங்கப்பா இருக்கு இந்த வீட்டுல" என்றாள்.

அத்தான் அவளைத் தாண்டிப் போனார். கதவுக்குப் பின்னால் கையை நீட்டினார். தேடவில்லை. விளக்கு எரிந்தது.

"வந்த மொத நாளே அதத்தான் கேட்டாரு" என்றார் பூசாரி, மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றபடி. "ஒனக்கு எதுக்குய்யா வெளக்குன்னேன். சும்மா காட்டுன்னாரு."

அக்கா விளக்கைப் பார்க்கவில்லை. சுவரில் இன்னும் எடுக்காமல் இருந்த அவர் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.